புள்ளிராஜாவின் மனைவி

நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த 2000களின் தொடக்கத்தில் சுவரிலும் பேருந்திலும் பெரிய தட்டிகளிலும் ஒரே கேள்விதான் இருந்தது: 'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' பேருந்து நிறுத்தத்தில் பையன்கள் அந்தப் பெயரைச் சொல்லி ஒருவரையொருவர் கேலி செய்வார்கள். நாங்களும் துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டு சிரித்திருக்கிறோம். புள்ளிராஜாவுக்குக் கல்யாணம் ஆகியிருந்தால் அவன் மனைவிக்கு எய்ட்ஸ் வருமா என்று எங்களில் ஒருத்திக்கும் கேட்கத் தோன்றவில்லை.

இத்தனைக்கும் அந்தக் கேள்விக்கு விடை அப்போதே ஆய்விதழ்களில் அச்சாகியிருந்தது. இந்தியாவில் எச்.ஐ.வி. குறித்த ஆய்வுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், நோயின் வரலாற்றோடு இன்னொரு வரலாறும் தெரிகிறது. எந்தப் பெண்ணிடம் எந்தக் கேள்வி கேட்கப்பட்டது, யாரிடம் எதுவுமே கேட்கப்படவில்லை என்ற வரலாறு அது.

அந்த வரலாறு சென்னையில் தொடங்குகிறது. சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியராக இருந்த சுனிதி சாலமன் தம் மாணவி நிர்மலாவிடம் எய்ட்ஸ் பற்றி ஆய்வு செய்யச் சொன்னார். நிர்மலா, கைது செய்யப்பட்டு அரசுக் காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்த பாலியல் தொழிலாளர்களிடமிருந்து இரத்த மாதிரிகள் எடுத்தார். அவற்றை இரவு ரயிலில் எடுத்துச் சென்று வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் சோதித்தபோது ஆறு மாதிரிகளில் தொற்று இருந்தது. ஆண்டு 1986. இந்த நாட்டில் எச்.ஐ.வி. இருக்கிறது என்று முதன்முதலில் நிறுவியவர்கள் இரு பெண்கள் என்பதில் எனக்குப் பெருமை உண்டு. ஆனால் இரத்தம் கொடுத்த பெண்களிடம் அது எந்த நோய்க்கான சோதனை என்று சொல்லப்படவில்லை என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். இரண்டு பெண்களின் பெயர் வரலாற்றில் நின்றது. மற்ற பெண்கள் ஓர் எண்ணாக மட்டும் நின்றார்கள்.

அந்த எண்ணுக்குக் கொடுத்த விலை பெரிது. தொற்று உள்ளது என்பதற்காகவே பெண்கள் தண்டனைக் காலம் முடிந்த பிறகும் காப்பகங்களில் அடைத்துவைக்கப்பட்டார்கள். இதழாளர் சியாமளா நடராஜ் சென்னை உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்த பிறகுதான் அவர்களுக்கு விடுதலை கிடைத்தது. அவர்களிடம் வந்துபோன ஆண்கள் எந்தக் காப்பகத்திலும் இல்லை. அவரவர் வீட்டில் இருந்தார்கள்.

அந்த வீட்டுக்குள் ஆய்வு நுழையப் பத்தாண்டுகள் ஆயின. புனேயில் பால்வினை நோய் மருத்துவமனைகளுக்கு வந்த பெண்களைப் பற்றிய ஓர் ஆய்வு 1997இல் வெளியானது. அதில் பாலியல் தொழிலில் இல்லாத 391 பெண்களில் 13.6 விழுக்காட்டினருக்கு எச்.ஐ.வி. இருந்தது. அவர்களில் பெரும்பாலோர் கணவனைத் தவிர வேறு ஆணை அறியாதவர்கள். 1993இல் சுனிதி சாலமன் தொடங்கிய ஒய்.ஆர்.ஜி. கேர் மையத்தின் பதிவேடுகளை வைத்து 2000இல் இன்னொரு கட்டுரை வந்தது. அதில் ஆராயப்பட்ட, தொற்றுள்ள 134 பெண்களில் 88 விழுக்காட்டினருக்கு வாழ்வில் ஒரே ஆணோடுதான் உறவு இருந்திருக்கிறது. அந்தப் பெண்களுக்கு இருந்த ஒரே ஆபத்து அவர்களுடைய திருமணம்.

'ஒருவனுக்கு ஒருத்தி' என்று எய்ட்ஸ் விழிப்புணர்வுக் கூட்டங்களில் முழங்கிய அறிவுரைக்கு இங்கே என்ன பொருள்? ஒருத்தி ஏற்கெனவே அப்படித்தான் இருந்தாள். ஆணுறை அணியச் சொல்லலாம் என்றால், மனைவி அதைக் கேட்ட அன்றே அவள்மீது சந்தேகம் விழும். கல்யாணமான மறுமாதமே 'விசேஷம் உண்டா?' என்று கேட்கும் வீட்டில் குழந்தை வேண்டாம் என்று அவளால் தள்ளிப்போடவும் முடியாது.

இந்த ஆய்வுகளை நம் சமூகம் வாசித்த விதத்திலும் ஒரு சிக்கல் இருக்கிறது. மனைவியரை 'ஒரு பாவமும் அறியாதவர்கள்' என்று இரக்கத்தோடு எழுதினார்கள். அப்படியென்றால் பாவம் அறிந்தவர்கள் யார்? காப்பகத்தில் இரத்தம் கொடுத்த பெண்களா? ஆண்டுதோறும் வகுப்பில் சிலப்பதிகாரம் நடத்துகிறேன். கண்ணகியா மாதவியா என்று மாணவிகள் பிரிந்து நின்று வாதாடுவார்கள். கோவலனை இரண்டு தரப்பும் மறந்துவிடும். எச்.ஐ.வி. பற்றிய பேச்சிலும் இதுதான் நடந்தது. கற்பு என்ற அளவுகோல் ஒருத்தியைக் காப்பாற்றவும் இல்லை, மற்றவளுக்கு நியாயம் செய்யவும் இல்லை.

குடும்பம் நோயை எப்படித் தாங்கியது என்பது அடுத்த கேள்வி. மும்பையில் தொற்றுள்ளோரின் வீடுகளுக்கே சென்று ஆராய்ந்தவர் டாடா சமூக அறிவியல் நிறுவனத்தின் ஷாலினி பாரத். 1990களின் இறுதியில் வெளியான அவருடைய ஆய்வு, குடும்பம் எல்லோரையும் ஒன்றுபோல் பார்த்துக்கொள்ளவில்லை என்று காட்டியது. நோயுற்ற மகனுக்குத் தாயும் மனைவியும் பணிவிடை செய்தார்கள். நோயுற்ற மருமகளோ மகனைக் கெடுத்தவளாகப் பார்க்கப்பட்டாள். கர்ப்பிணிகளுக்குச் சோதனை பரவலான பிறகு இது இன்னும் கூர்மையானது. பல வீடுகளில் கணவனுக்கு முன்பே மனைவிக்குத்தான் சோதனை நடந்தது. முதலில் தெரிந்துகொண்டவளே கொண்டுவந்தவள் ஆனாள்.

கணவன் இறந்த பின் என்ன ஆயிற்று என்பதற்கு 2006இல் வெளியான தேசியப் பயன்முறைப் பொருளாதார ஆய்வுக் குழுவின் அறிக்கை விடை தருகிறது. தொற்று அதிகமிருந்த ஆறு மாநிலங்களில் எடுத்த ஆய்வு அது. தொற்றுள்ள கைம்பெண்களில் 79 விழுக்காட்டினருக்குக் கணவன் சொத்தில் பங்கு மறுக்கப்பட்டது. 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் கணவன் வீட்டில் அப்போது வாழவில்லை. நோயைக் கொடுத்த வீடு, நிலத்தைக் கொடுக்கவில்லை.

இந்த எண்கள் அச்சாவதற்கு முன்பே பெண்கள் தாங்களே பேசத் தொடங்கிவிட்டார்கள். நாமக்கல்லைச் சேர்ந்த கௌசல்யா, திருமணத்தின் வழியே தொற்றைப் பெற்றவர். தன் பெயரோடும் முகத்தோடும் அதை வெளியே சொன்னவர். அவரும் தோழிகளும் சேர்ந்து 1998இல் சென்னையில் தொற்றுள்ள பெண்களுக்கான கூட்டமைப்பைத் தொடங்கினார்கள். ஆய்வுக்குத் தரவாக இருந்த பெண்கள் கேள்வி கேட்பவர்களாக மாறியது அங்கேதான்.

2004 ஏப்ரலில் அரசு மருத்துவமனைகளில் கூட்டு மருந்து இலவசமாகக் கிடைக்கத் தொடங்கியது. தாம்பரம் அரசு மருத்துவமனை அந்த முதல் பட்டியலில் இருந்தது. சாவார்கள் என்று எண்ணிய குழந்தைகள் வளர்ந்தார்கள், பள்ளி முடித்தார்கள், நம் கல்லூரிகளுக்கு வந்தார்கள். ஆய்வும் அவர்கள் பின்னால் வந்தது. பிள்ளையிடம் எப்போது சொல்வது, பதின்பருவத்தில் மாத்திரையை ஏன் விடுகிறார்கள், காதலிப்பவரிடம் எப்படிச் சொல்வார்கள் என்று அதன் கேள்விகள் மாறின. பள்ளி வயதிலேயே குழந்தைக்கு அதன் நிலையைப் பக்குவமாகச் சொல்ல வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2011இல் வழிகாட்டியது. நம் வீடுகளில் 'இது சத்து மாத்திரை' என்று சொல்லியே ஆண்டுகள் கழிகின்றன. தாய் கோழை என்பதால் அல்ல. பிள்ளையின் நோயைச் சொன்னால் தன் நோயையும், செத்துப்போன அவன் அப்பாவையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதற்கான மொழியை நாம் அவளுக்குத் தரவில்லை.

தெற்கிலும் மும்பையிலும் நடந்த ஆய்வுகள் இன்னொன்றையும் சொல்கின்றன. நேரடியாக அவமானப்பட்டவர்களைவிட, அடுத்தவருக்கு நேர்ந்ததைக் கேள்விப்பட்டு ஒளிந்துகொண்டவர்கள் அதிகம். இதைப் படித்தபோது எனக்கு என் மாணவி ஒருத்தி நினைவுக்கு வந்தாள்.

மாதத்தில் ஒரு நாள் தவறாமல் விடுப்பு எடுப்பாள். வருகைப்பதிவு குறைந்தது. காரணம் கேட்டால் 'உடம்பு சரியில்ல மேம்' என்பாள். விதிப்படி மருத்துவச் சான்று கொண்டுவா என்றேன். கொஞ்சம் கடுமையாகவே சொன்னேன். மூன்று நாள் கழித்து, எல்லோரும் போன பிறகு, நான்காக மடித்த தாளை நீட்டினாள். "படிச்சிட்டு எங்கிட்டயே குடுத்துருங்க மேம். ஆபீஸுக்கு அனுப்பாதீங்க" என்றாள். மருந்து மையத்தின் முத்திரை தாளின் மறுபக்கம் வரை ஊறியிருந்தது. திருப்பிக் கொடுத்துவிட்டேன். வருகைப்பதிவை வேறு வழியில் சரிசெய்தேன். ஆனால் கேட்டது கேட்டதுதான்.

2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டம், ஒருவரைத் தம் நிலையை வெளியிடும்படி கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. அதே சட்டத்தில் இன்னொரு பிரிவு உண்டு. தொற்று பாதித்த குடும்பத்தை நடத்திவரும், 12 வயது நிறைந்த பிள்ளை, தம்பி தங்கைகளைப் பள்ளியில் சேர்க்கவும் சிகிச்சைக்கு ஒப்புதல் தரவும் காப்பாளராக இருக்கலாம். சிறுபிள்ளைகள் குடும்பம் நடத்துகிறார்கள் என்பதைச் சட்டமே ஒப்புக்கொள்கிறது. நம் ஊரில் அப்படி அடுப்பையும் தம்பியையும் மாத்திரை டப்பாவையும் பார்த்துக்கொள்வது பெரும்பாலும் மூத்த பெண்பிள்ளை அல்லது பாட்டி.

என் மாணவி பட்டம் பெற்றுப் போய்விட்டாள். அவள் வீட்டில் யார் இருந்தார்கள், தினமும் எந்நேரம் மாத்திரை போட்டாள், யாரிடம் மனம்விட்டுப் பேசினாள் என்று எதையும் நான் கேட்டதில்லை. நான் கேட்டது சான்றிதழ் ஒன்றைத்தான்.