திரை காட்டாததை வரைந்தவர்கள்: வீடியோ கேம் ஓவியத்தின் நாற்பது ஆண்டுகள்

1977-இல் அட்டாரி நிறுவனம் வீட்டுத் தொலைக்காட்சியோடு இணைத்து ஆடும் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, அதன் தற்காலிக நினைவகம் மொத்தமே 128 பைட். அதனுடன் வந்த ‘காம்பாட்’ விளையாட்டில் டாங்கி என்பது சில கட்டங்களால் ஆன ஒரு வண்ணக் கட்டி. அட்டைப்பெட்டியின் மேலோ டாங்கிகளும் போர்விமானங்களும் பாய்ந்துகொண்டிருந்தன. கிளிஃப் ஸ்போன் முதலிய ஓவியர்கள் அட்டாரிக்காக வரைந்த இத்தகைய படங்களை விளம்பரத் தந்திரம் என்று ஒதுக்குவோர் உண்டு. அவை விளையாட்டின் ஒரு பாதி என்றே நான் கருதுகிறேன். ஆடுபவர் பெட்டியில் கண்டதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் திரையிலிருந்த கட்டியை டாங்கியாகக் கண்டார். கற்பனை உலகம் திரைக்கும் தாளுக்கும் நடுவில் இருந்தது.

ஜப்பானில் இந்த இடைவெளி வேறு விதமாக வளர்ந்தது. 1978-இல் வந்த ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ விளையாட்டுக்காக டோமோஹிரோ நிஷிகாடோ கணவாய், நண்டு, ஆக்டோபஸ் ஆகியவற்றின் சாயலில் வேற்றுக்கிரகவாசிகளை அமைத்தார். அவற்றில் மிகப் பெரியதே 12 புள்ளி (பிக்சல்) அகலம், 8 புள்ளி உயரம்தான். 1986-இல் ‘டிராகன் குவெஸ்ட்’ வந்தபோது, பெயர்பெற்ற மங்கா ஓவியர் அகிரா டோரியாமா அரக்கர்களை வரைந்தார். விளையாட்டை வடிவமைத்த யூஜி ஹோரீ ஒழுகிப் பரவும் கூழ்போல் கிறுக்கிக் கொடுத்த ‘ஸ்லைம்’ அரக்கன், டோரியாமாவின் கையில் சிரிக்கும் நீர்த்துளியாயிற்று.

இவ்வரலாற்றின் மையம் 1987 டிசம்பரில் வெளியான ‘ஃபைனல் ஃபேன்டஸி’. இதற்கு ஓவியம் தந்தவர் யோஷிடாகா அமானோ. 1952-இல் பிறந்து, பதினைந்து வயதிலேயே டட்சுனோகோ அனிமேஷன் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். கிளிம்ட், மூக்கா போன்ற ஐரோப்பிய ஓவியர்களும் ஜப்பானிய மரக்கட்டை அச்சுப் படங்களும் அவர் கோட்டில் கலந்திருக்கின்றன. வெளிறிய முகம், காற்றில் அலையும் மயிர்க்கற்றை, கோட்டைத் தாண்டி வழியும் நீர்வண்ணம். பல இடங்களில் உடை எங்கே முடிந்து புகை எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாது.

இந்த உலகத்தை நிண்டெண்டோ கருவியின் திரைக்குக் கொண்டுசேர்த்ததில் பெரும்பங்கு கசுகோ ஷிபுயாவுடையது. வரைபடத்தில் நடமாடும் வீரனுக்கு அவருக்குக் கிடைத்த இடம் 16க்கு 16 கட்டம், அதாவது 256 புள்ளிகள். உருவத்தின் ஒவ்வொரு துண்டிலும் மூன்று வண்ணங்களுக்கு மேல் வைக்க வழியில்லை. அமானோவின் அலையும் கோடு இங்கே செல்லாது. எந்தப் புள்ளியைக் கண்ணாக்குவது, எந்தப் புள்ளியை விட்டால் தலைமுடி தலைமுடியாகவே நிற்கும் என்ற முடிவுகளால் ஆனது அந்த வேலை. இதைப் படியெடுப்பு என்று சொல்வது பிழை. குறைந்த சொல்லில் வெண்பா கட்டுவதற்கு இணையான வேலை இது. ஆறாம் பாகம்வரை ‘ஃபைனல் ஃபேன்டஸி’ தொடரின் புள்ளியுருவங்களில் அவர் கைவண்ணம் உண்டு. ஆனாலும் அமானோவைப் பற்றிப் பேசுவோரில் பலர் ஷிபுயாவின் பெயரைச் சொல்வதில்லை.

1990-களில் ஓவியர்கள் புள்ளியையே பாடுபொருளாக எடுத்துக்கொண்டார்கள். பெய்ஜிங்கின் ஃபெங் மெங்போ, சீனச் செம்படையின் நெடும்பயணத்தை வீடியோ கேம் காட்சிகளாக எண்ணெய் வண்ணத்தில் தீட்டினார். 1998-இல் ‘இன்வேடர்’ என்ற புனைபெயர் கொண்ட பிரெஞ்சுக் கலைஞர், நிஷிகாடோவின் உயிரினங்களைப் பாரிஸ் நகரச் சுவர்களில் ஓட்டுச் சில்லுகளால் பதிக்கத் தொடங்கினார். ஒரு புள்ளிக்கு ஒரு சில்லு.

எதிர்த்திசையிலும் பயணம் நடந்தது. 2001-இல் வந்த ‘ஈகோ’ விளையாட்டின் ஜப்பானிய, ஐரோப்பியப் பதிப்புகளுக்கு அதன் இயக்குநர் ஃபூமிடோ உவேடா தாமே அட்டைப்படம் தீட்டினார். பெருங்கட்டடங்களின் நடுவே, நீண்ட நிழல் விழ, ஒரு சிறுவன் ஒரு பெண்ணின் கைபிடித்து ஓடுகிறான். இத்தாலிய ஓவியர் ஜார்ஜோ தெ கிரிக்கோவின் வெறிச்சிட்ட சதுக்கங்களை இது வெளிப்படையாகவே நினைவூட்டுகிறது. ஒசாகா கலைப் பல்கலைக்கழகத்தில் ஓவியம் பயின்றவரின் கை அதில் தெரிகிறது. வட அமெரிக்காவில் வேறு படம் போட்டார்கள். விளையாட்டின் தனிமை அதில் இல்லை.

திரையின் திறன் பெருகப் பெருகத் தாளுக்கு வேலை இராது என்று எதிர்பார்த்திருக்கலாம். நடந்தது வேறு. 2017-இன் ‘கப்ஹெட்’ விளையாட்டுக்கு உருவங்களைப் பென்சிலால் தாளில் வரைந்து மையேற்றினார்கள். பின்னணிகள் நீர்வண்ணத்தில் தீட்டப்பட்டன. அடுத்த ஆண்டு வந்த ‘கிரிஸ்’ விளையாட்டில் பார்சிலோனா ஓவியர் கொன்ராட் ரோசெட்டின் நீர்வண்ணமே உலகமாயிற்று. 1987-இல் திரைக்கு வெளியே நிற்க வேண்டியிருந்த தூரிகை, முப்பது ஆண்டுகளில் திரைக்குள் வந்துவிட்டது.

2012-இல் நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகம் 14 வீடியோ கேம்களைத் தன் சேகரிப்பில் சேர்த்தது. அமானோவின் ஓவியங்களும் காட்சிக்கூடங்களில் சட்டமிட்டுத் தொங்குகின்றன. அவற்றைக் காட்சிக்கு வைப்போரிடம் ஒரு வேண்டுகோள்: பக்கத்திலேயே ஷிபுயாவின் 256 புள்ளிகளையும் அதே அளவுக்குப் பெரிதாக்கி, அவர் பெயரோடு மாட்டுங்கள்.