பிள்ளைமடுவம்

பிள்ளைமடுவம் என்பது இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் தம் சிறு பிள்ளைகளை விட்டுச்செல்லும் இடம். பிள்ளைக்காம்பரா என்றும் சொல்வர். இன்றைய அலுவல் பெயர் சிறுவர் அபிவிருத்தி நிலையம். மலேசிய ரப்பர்த் தோட்டங்களில் இதற்கு ஆயாக் கொட்டகை என்று பெயர்.

தோட்டக் கூலி 'பேர்' கணக்கில் விழுவது. குறித்த எடைக்குக் கொழுந்து சேராவிட்டால் அரைப்பேர், அதாவது அரைநாள் கூலிதான். அதனால் பிள்ளை எந்தப் பருவத்தில் இருக்கிறது என்பது தாயின் கூடையிலேயே தெரிந்துவிடும். முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டுமே கொடுக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். இலங்கையின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் தரும் விடுமுறையோ 84 நாள். இரண்டு பிள்ளைகளுக்கு மேல் அது 42 நாளாகக் குறைந்துவிடும் அநீதி 2018 இல்தான் நீங்கியது. பிள்ளைக்கு ஒரு வயதாகும்வரை பாலூட்ட நாளுக்கு இரண்டு இடைவேளை உண்டு: மடுவம் இருந்தால் அரை மணி நேரம் வீதம், இல்லையேல் ஒரு மணி நேரம் வீதம். தூரத்து மலையில் நிற்பவளுக்கு இறங்கி ஏறவே அந்த அரை மணி போய்விடும். பசித்த பிள்ளைக்கும் எடைக்கும் நடுவில் அவள் ஒன்றை விட்டுக்கொடுத்தாக வேண்டும்.

6 மாதத்துக்குப் பின் கஞ்சியும் மசித்த சோறும் சேரும்போது இந்த நெருக்கடி தளர்கிறது. உடனே வேறொன்று வருகிறது. 8, 9 மாதத்தில் பிள்ளை ஆள் அடையாளம் கண்டு, தாய் கையை விட்டதும் வீரிட்டு அழும். வளர்ச்சி சரியாக இருப்பதன் அறிகுறி அது. ஆனால் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்துக்கு நேரத்தோடு போக வேண்டியவளுக்கு அது பெரும் துன்பம். காய்ச்சல், வயிற்றோட்டம் கண்ட பிள்ளையை மடுவத்தில் விட முடியாது. அன்றைய பேர் போயிற்று. பிள்ளைகள் நடக்கத் தொடங்கியதும், மடுவத்தில் அவர்களைப் பார்த்துக்கொள்ளும் ஆயா ஒருவரால் பலரைக் கவனிக்க இயலாது. பயிற்சி பெற்ற ஆட்கள் இங்கேதான் மிகவும் தேவை.

இந்தியாவில் 1951 ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், 6 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகம் அமைப்பதைப் பெரிய தோட்டங்களின் கடமையாக்கியது. மகப்பேறு விடுப்பு 2017 இல் முதல் இரண்டு பிள்ளைகளுக்கு 26 வாரமாக உயர்ந்தது. தாய்ப்பால் மட்டும் கொடுக்கும் காலத்தோடு அது ஏறக்குறைய ஒத்துப்போகிறது.

இலங்கை மலையகத்தில் மடுவத்துக்குப் பின், 5 வயதில் பள்ளி. மதியம் பள்ளி விடும்போது தாய் மலையில் இருப்பாள். பாட்டி இல்லாத லயத்தில் (தொழிலாளரின் வரிசை வீட்டில்) அக்காள்தான் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறாள்.