இருபது ஷில்லிங்கும் ஒற்றைச் சட்டியும்

ஏழைகளுக்குச் சமைக்கத் தெரியாது என்னும் குற்றச்சாட்டு மிகப் பழையது. விக்டோரியா மகாராணியிடம் தலைமைச் சமையற்காரராக இருந்த சார்லஸ் ஃபிரான்கடெல்லி, 1852இல் உழைக்கும் மக்களுக்கென்றே ஒரு சமையல் நூல் எழுதினார். போயர் யுத்தத்தின்போது (1899–1902) படையில் சேர வந்த இளைஞர் பலர் உடல் தகுதியின்றித் திருப்பியனுப்பப்பட, பிரிட்டிஷ் அரசு விசாரணைக் குழு ஒன்றை அமைத்தது. 1904இல் வெளிவந்த அதன் அறிக்கை, சிறுமியருக்குச் சமையல் கற்பிப்பதையும் தீர்வுகளுள் ஒன்றாகச் சொன்னது. தாய்மாரின் அறியாமையே பிள்ளைகளின் மெலிவுக்குக் காரணம் என்பது அன்று படித்தவர்களின் பொதுக் கருத்து.

அக்கருத்தை அடுப்படிக்கே சென்று சோதித்தவர் மாட் பெம்பர் ரீவ்ஸ். நியூசிலாந்தில் பெண்களின் வாக்குரிமைக்காக உழைத்து, பின்னர் லண்டனில் குடியேறியவர். அவரும் ஃபேபியன் மகளிர் குழுவைச் சேர்ந்த தோழியரும் 1909 முதல் 1913 வரை லாம்பெத் பகுதிக் குடும்பங்களை வாரந்தோறும் சென்று கண்டனர். குழந்தை பிறப்பதற்குச் சில மாதங்கள் முன்பிருந்து அதற்கு ஒரு வயது நிறையும்வரை, தாய்க்கு வாரம் 5 ஷில்லிங் அளித்தனர். பதிலுக்கு அப்பெண்கள் வீட்டுச் செலவுக்குக் கணக்கு வைக்க வேண்டும். எழுதத் தெரியாதவர்கள் வாயால் சொன்னார்கள்.

அக்குடும்பங்கள் வேலையற்றவை அல்ல. ஆண்களின் வாரக் கூலி ஏறத்தாழ ஒரு பவுன், அதாவது 20 ஷில்லிங். அதில் மூன்றிலொரு பங்கு வாடகைக்கே போய்விடும். நிலக்கரிக்கும் எரிவாயுவுக்கும் கொடுத்தபின் எஞ்சியதே சாப்பாட்டுக்கு.

ரொட்டி சத்தற்றது, மலிவான ஓட்ஸ் கஞ்சியைக் காய்ச்சிக் கொடுக்கலாமே என்பது அன்றைய புத்திமதி. அதை ஏன் கேட்பதில்லை என்று விசாரித்தபோது கிடைத்த விடைகள்தாம் இவ்வரலாற்றின் உயிர்நிலை. கஞ்சி அடிபிடிக்காதிருக்க நெடுநேரம் அருகில் நின்று கிண்ட வேண்டும். கைக்குழந்தையுள்ளவளுக்கு அதற்கு நேரமில்லை. நின்றாலும் எரிபொருளுக்குக் காசு வேண்டும். இருப்பதோ மீனும் உருளைக்கிழங்கும் வேகும் அதே பழைய சட்டி. அதன் வாடை கஞ்சியில் ஏறும். பாலும் சர்க்கரையும் இல்லாத அக்கஞ்சியைப் பிள்ளைகள் தொடுவதில்லை. ரொட்டிக்கோ அடுப்பும் தட்டும் தேவையில்லை. கையில் கொடுத்தால் தின்றுவிடும். அறியாமை என்று வெளியார் கண்டது, உண்மையில் அப்பெண்கள் நுணுக்கமாகப் போட்டிருந்த கணக்கு!

1913இல் ரீவ்ஸ் இதை நூலாக்கியபோது, குறை தாய்மாரின் திறமையில் இல்லை, வருமானத்தில் இருக்கிறது என்று வாதிட்டார். பிள்ளைகளின் பராமரிப்பில் அரசும் பொறுப்பேற்க வேண்டும் என்றார். 1945இல் குடும்பப் படிச் சட்டம் நிறைவேறியது. இரண்டாவது பிள்ளை முதல் தலைக்கு வாரம் 5 ஷில்லிங். எலினார் ராத்போனின் விடாப்பிடியால் அது தந்தையிடமன்றித் தாயிடமே தரப்பட்டது. தொகை அதே 5 ஷில்லிங்தான். இடைப்பட்ட ஆண்டுகளில் அதன் மதிப்புத் தேய்ந்திருந்தது.

சமையற்கல்வி வீண் என்று நாம் சொல்ல வரவில்லை. கற்றதைச் சமைத்துப் பார்க்கச் சட்டியும் நெருப்பும் நேரமும் வேண்டும் என்பதே லாம்பெத் தரும் பாடம். இன்றைய பிரிட்டனில் சில உணவு வங்கிகள், அடுப்பைப் பற்றவைக்க வழியற்றவர்களுக்கென வெந்நீர் மட்டும் ஊற்றி உண்ணத்தக்க பொருள்களைத் தனிப் பொட்டலமாகக் கட்டித் தருகின்றன. அவர்களிடம் சமையற்குறிப்பை நீட்டுமுன், லாம்பெத்துப் பெண்களிடம் கேட்ட அந்தக் கேள்வியை நாமும் ஒருமுறை கேட்டுவிட வேண்டும்.