ராலேகண் சித்தியில் ஒரு வேள்வி

அண்ணா ஹசாரே என்று நாடறிந்த கிசன் பாபுராவ் ஹசாரேயின் டில்லி உண்ணாவிரதத்தையும் லோக்பால் போராட்டத்தையும் இம்மலரின் வாசகர் நன்கறிவர் ஆதலின், அவற்றை விடுத்து, அவற்றினும் நிலைத்த பயன் தந்ததாகிய அவருடைய மண், நீர்ப் பணியை மட்டும், அதற்கு அடிநிலமாக அமைந்த மராட்டியப் பக்தி மரபோடு சேர்த்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். முன்னாள் படைவீரர்க்கென வெளிவரும் மலருக்கு இப்பொருளே தகும் என விழாக்குழுவினர் விரும்பியது சாலப் பொருத்தமே.

படையும் ஊரும்

1937 ஜூன் 15 அன்று, இன்று அகில்யாநகர் எனப்படும் அகமதுநகரை அடுத்த பிங்காரில் பிறந்த ஹசாரே, வறுமையால் ஏழாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, மும்பை தாதரில் பூ விற்றுப் பிழைத்து, 1960களின் முற்பகுதியில் இராணுவத்தில் லாரி ஓட்டுநராகச் சேர்ந்தவர். 1965ஆம் ஆண்டுப் போரில் கேம்கரண் முனையில் உடனிருந்தோர் மடியத் தாம் உயிர்பிழைத்ததையும், புதுடில்லி ரயில் நிலையத்தில் வாங்கிய விவேகானந்தர் நூல் ஒன்று தம்மைத் தொண்டின்பால் திருப்பியதையும் அவரே பலமுறை கூறியுள்ளார். 1975-இல் விருப்ப ஓய்வு பெற்று அவர் திரும்பிய ராலேகண் சித்தி, பார்னேர் வட்டத்தில், சகியாத்திரி மலைத்தொடரின் மழைமறைவுப் பகுதியில், ஏறத்தாழ 980 எக்டேர் பரப்புடைய சிற்றூர். விளைச்சல் பொய்த்ததால் கள்ளச்சாராயம் காய்ச்சுவதே பலருக்குப் பிழைப்பாகி, யாதவபாபா கோயிலின் மரச்சட்டங்களும் அவ்வடுப்புகளுக்கு விறகாகியிருந்தன. தம் ஓய்வுக்காலப் பணத்தைக் கொண்டு அவர் முதலில் செப்பனிட்டது அக்கோயிலையே. பின்னர் அங்கேயே ஒரு சிற்றறையில் குடியிருந்தார்.

ஞானேசுவரி காட்டும் வேள்வி

நீர்ப்பணியைக் கோயிலிலிருந்து தொடங்கியது தந்திரம் என்று கருதுவோர் உளர். அம்மண்ணின் மரபை அறிந்தோர் அவ்வாறு கருதார். கீதையின் கர்மயோகம் என்னும் மூன்றாம் அத்தியாயம், உயிர்கள் உணவாலும், உணவு மழையாலும், மழை வேள்வியாலும், வேள்வி செயலாலும் உண்டாவதாகச் சொல்லி, சுழலும் சக்கரமொன்றை நிறுவுகிறது. வேள்வி என்றதும் தீயும் நெய்யும் நினைவுக்கு வரும். ஆனால் கி.பி. 1290-இல் ஓவி என்னும் மராத்தி யாப்பில் ஞானேசுவரர் இயற்றிய 'ஞானேசுவரி', அவரவர்க்குரிய கடமையாகிய சுவதர்மமே நாள்தோறும் செய்யத்தக்க வேள்வி என்று இவ்விடத்துக்கு விரிவுரை கூறுகிறது. இவ்வுரை பிறந்த நேவாசே, ராலேகண் சித்தியை உள்ளடக்கிய அதே மாவட்டத்து ஊர் என்பது எண்ணி மகிழத்தக்கது. பதினேழாம் நூற்றாண்டின் துக்காராம் தம் அபங்கம் ஒன்றில் மரங்களையும் கொடிகளையும் உறவினர் என்றே கொண்டாடினார். மாண்டலே சிறையிலிருந்து திலகர் எழுதிய 'கீதா ரகசியம்' செயலையே வற்புறுத்தியது. இந்நெடிய மரபில் ஊறிய மக்களிடம் வாய்க்கால் வெட்டுவதை வழிபாடு என்றால் அதற்கு விளக்கம் வேண்டியதில்லை. கடவுள் வாழ்த்தை அடுத்தே வான்சிறப்பை வைத்த வள்ளுவரின் வைப்புமுறையும் இக்கருத்துக்கு அயலன்று.

மண்ணுக்குள் நடந்தது

தக்காணத்தின் அடிப்பாறை, பழைய எரிமலைக் குழம்பு உறைந்த பசால்ட் ஆகும். கெட்டிப்பாறையில் நீர் இறங்காது. அதன்மேல் மக்கிச் சிதைந்த, முரம் எனப்படும் சரளைப் படுகையிலும் பாறை வெடிப்புகளிலும் மட்டுமே தங்கும். ஆகவே ஓடும் மழைநீரை நிறுத்தி இறங்கச் செய்வதே அங்கு நீர்மேலாண்மை. இதற்கென ஓடையின் குறுக்கே மண்கரை எழுப்பித் தேக்குவது கசிவுநீர்க் குட்டை. இது கால்வாய்ப் பாசனத்துக்கு உரியதன்று. தேங்கிய நீர் அடிமண்ணில் கசிந்து, கீழ்ப்புறக் கிணறுகளில் ஊறுவதே அதன் பயன். நீர் கரைக்கடியில் விரைந்து ஒழுகிவிட்டால் அப்பயன் கெடும். அதனால் கரையின் நடுவே ஆழக் குழி எடுத்து, நீர் புகாத களிமண்ணை இட்டு இறுக்குவர். ராலேகணில் அரசு முன்பே கட்டியிருந்த குட்டை ஒழுகிக் கிடந்தது. ஊரார் கூலியின்றி உழைக்கும் சிரமதானத்தால் அதைச் செப்பனிட்டதும், கீழிருந்த கிணறுகளில் கோடையிலும் நீர் நின்றது. வேறெந்த அறிவுரையும் அக்கிணறுகள் அளவுக்கு ஊரை மாற்றியிராது. பின்பு மலைச்சரிவில் சமமட்டக் குழிகள், ஓடைகளில் தடுப்பணைகள், கோயிலில் தானிய வங்கி என்று பணி விரிந்தது.

நீரைச் சேர்ப்பதினும் பகிர்வது அரிது. புணே மாவட்டம் நாய்காவில் விலாசராவ் சாளுங்கே தொடங்கிய பானி பஞ்சாயத்து, நிலப்பரப்புக்கேற்ப அன்றிக் குடும்பத்தின் ஆள்தொகைக்கேற்ப நீரைப் பங்கிட்டு, நிலமற்றோர்க்கும் பங்கு தந்து, நீரைக் குடிக்கும் கரும்பை விலக்கியது. ராலேகணும் கரும்பைத் தவிர்த்துப் பயறு, எண்ணெய்வித்துப் பயிர்களின்பால் திரும்பியது. குடித்தடை, கோடரித்தடை, கட்டற்ற மேய்ச்சலுக்குத் தடை, குடும்பக் கட்டுப்பாடு, சிரமதானம் ஆகிய ஐந்தும் ஊர்நெறியாயின.

குடித்தோரைக் கோயில் தூணில் கட்டி அடித்தமையை ஆய்வாளர் சிலர் கண்டித்துள்ளனர், அக்கண்டனம் நியாயமானதே. படைமுகாமின் ஒழுங்கை ஊருக்குள் அப்படியே கொணரலாகாது. கிணற்றில் நீர் ஊறியது களிமண்ணாலும் கூட்டுழைப்பாலுமேயன்றிச் சாட்டையால் அன்று. அரசு 1990-இல் பத்மஸ்ரீயும் 1992-இல் பத்மபூஷணும் வழங்கியது. அதே மாவட்டத்து ஹிவரே பஜார், போபட்ராவ் பவாரின் தலைமையில் இவ்வழியைப் பின்பற்றி உயர்ந்தமை அவ்விருதுகளினும் பெரிய சான்று.

படைவீரர்க்கு

1982-இல் பிராந்திய சேனையில் முன்னாள் வீரர்களைக் கொண்டு அமைந்த சூழலியல் பட்டாலியன், சுண்ணாம்புக்கல் சுரங்கங்களால் சிதைந்த முசூரி மலைச்சரிவுகளைப் பசுமையாக்கியது. ஓய்வூதியமும் உடல்வலிமையும் ஒழுங்கும் ஒருங்கே வாய்த்த முன்னாள் வீரர் தமிழகத்தில் ஊர்தோறும் உள்ளனர். சேறு மண்டிய ஏரிகளும் ஊர்தோறும் உள்ளன. எனவே இம்மலரைக் கையில் ஏந்தும் வீரர் ஒவ்வொருவரும், வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் தத்தம் ஊர் ஏரியின் வரத்துக்காலையும் மதகையும் ஊர்ப் பெரியோருடன் நடந்து பார்த்து, அடைப்பு எங்கே, உடைப்பு எங்கே என்று குறித்து, வரும் கிராம சபையில் அதனை முன்வைக்க வேண்டுகிறோம்.