கருமணலும் வெள்ளை மணிகளும்

ஆனி, ஆடி மாதங்களில் குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கரைக்குப் புதிதாக வருகிறவர்கள் முகம் சுளிப்பதுண்டு. அலை கலங்கிப் புரளும். ஈர மணலில் கரிய பட்டைகள் படிந்திருக்கும். ஏதோ கப்பலின் எண்ணெய் ஒதுங்கிவிட்டது என்று நினைப்பார்கள். அது எண்ணெய் அல்ல, இல்மனைட் என்ற கனிமம்.

மேற்குத் தொடர்ச்சி மலைப் பாறைகள் சிதைந்து, வள்ளியாறு போன்ற ஆறுகள் வழியே கடலுக்கு வந்த மணலை அலை ஓயாமல் புடைக்கிறது. எடை குறைந்த வெண்மணல் நீரோடு திரும்பிவிட, கனமான இல்மனைட், கார்னெட், மோனசைட் துகள்கள் கரையில் தங்குகின்றன. கன்னியாகுமரியில் இதற்கு வேறு விளக்கம் உண்டு. சுசீந்திரத்து ஈசனுக்கும் குமரி அம்மனுக்கும் நடக்கவிருந்த கல்யாணம் நின்றுபோக, விருந்துக்கு வைத்திருந்த அரிசியும் தானியங்களும் மணலாகிவிட்டன என்பார்கள். அந்தப் பலநிற மணலைப் பொட்டலம் கட்டிச் சுற்றுலாப் பயணிகளுக்கு விற்கிறார்கள்.

அதே மணலுக்கு உலகச் சந்தையில் விலை வைத்தது ஓர் அழுக்குதான். திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் இருப்பதை 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் கண்டறிந்தார். அதிலிருந்து கிடைக்கும் தோரியம் அப்போது கேஸ் விளக்கின் மேன்டிலுக்குத் தேவைப்பட்டது. ஓரிரு ஆண்டுகளில் மணவாளக்குறிச்சியில் மணல் பிரிக்கும் ஆலை எழுந்தது. முதல் உலகப் போர் மூண்டதும் ஷோம்பெர்க் உளவாளி எனக் கைதானார்; தொழில் ஆங்கிலேயர் கைக்குப் போனது. மேன்டிலின் காலம் முடிந்த பிறகு இல்மனைட்டுக்கு மவுசு வந்தது. வெள்ளைப் பெயின்டுக்கும் பிளாஸ்டிக்குக்கும் வெண்மை தரும் டைட்டானியம் டை ஆக்சைடு இந்தக் கறுப்பு மணலிலிருந்துதான் கிடைக்கிறது. 1950இல் தொடங்கிய அரசு நிறுவனமான இந்தியன் ரேர் எர்த்ஸ், பின்னர் இந்த ஆலையையும் எடுத்துக்கொண்டது.

மணலைப்போல நீரும் தானாகவே நிறம் மாறும். மலபார்க் கரையில் நீர் சிவந்து மீன்கள் மடிந்ததற்கு ஓர் ஒற்றைச் செல் உயிரியே காரணம் என்று, சென்னை மாகாண மீன்வளத் துறையின் ஜேம்ஸ் ஹார்னல் 1917இல் எழுதினார். 2019 செப்டம்பரில் பாம்பன் பக்கம் கடல் பச்சையாகி மீன்கள் செத்து ஒதுங்கியபோது, மீனவர்கள் அந்த நிறமாற்றத்தைப் பூங்கோரை என்றார்கள்.

இவையெல்லாம் இயற்கையின் வேலை. ஆனால் 2025 மே 25 அன்று கொச்சிக்கு அப்பால் எம்எஸ்சி எல்சா 3 என்ற சரக்குக் கப்பல் 640 கன்டெய்னர்களுடன் மூழ்கியது. சில நாட்களில் குமரி மாவட்டக் கரைகளில் வெள்ளை மணிகள் ஒதுங்கின. அவை பிளாஸ்டிக் பொருட்கள் வார்க்கும் மூலப்பொருள். பார்வைக்குச் சுத்தமாக இருந்த இவைதான் இக்கரைக்கு உண்மையான குப்பை. கனத்தால் தங்கும் கருமணலுக்கு நேர்மாறாக, இவை மிதந்தே வந்தன. ஏற்றத்து அலை விட்டுப்போகும் கோட்டில் பாசிக்கும் மரத்துண்டுக்கும் நடுவே சிக்கிக்கொண்டன. கருமணலை ஆலையில் காந்தம் பிரித்துவிடும். இந்த மணிகளைக் கையால்தான் பொறுக்க வேண்டியிருந்தது. அள்ளிய இடத்திலேயே அடுத்த அலை இன்னும் கொஞ்சம் போட்டுவிட்டுப் போனது.