கடலுக்கும் வயலுக்கும் நடுவே ஒரு வாளி தண்ணீர்

கல்முனைப் பக்கம் ஸ்போர்ட்ஸ் கார் ஓட்ட இடமில்லை. மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று ஊர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கின்றன. மட்டக்களப்பிலிருந்து வரும் பிரதான வீதியில் ஓட்டோவும் உழவு இயந்திரமும் சைக்கிளும் ஒன்றாகவே நகரும். அப்படியொரு காரை ஆசைப்பட்டு வாங்கிவிட்டவருக்கு அதைக் கழுவவும் இடமில்லை. கடற்கரை ஒழுங்கைகளில் மதிலோடு மதில் முட்டுகிறது. பெரிய வளவுள்ள வீடு அரிது.

போதாததற்குக் காற்றும் சும்மா விடாது. கச்சான் வீசும்போது மேற்கிலிருந்து வயல்வெளிப் புழுதி வரும். வாடை தொடங்கினால் கிழக்கிலிருந்து கடலின் உப்பு வரும்.

வண்டில் காலத்தில் இதெல்லாம் கவலையே இல்லை. மாட்டை வாய்க்காலில் இறக்கி, தண்ணீரை அள்ளி ஊற்றி, சேறு ஊறிய பிறகுதான் வைக்கோலால் தேய்ப்பார்கள். காய்ந்த சேற்றோடு தேய்த்தால் மாடு உதைக்கும். கார் உதைப்பதில்லை, சிக்கலே அதுதான்.

1949இல் கல்லோயா நீர்ப்பாசனத் திட்டம் தொடங்கியது. அமெரிக்காவின் மொரிசன்-நுட்சன் கம்பனி இங்கினியாகலையில் அணை கட்ட, சேனாநாயக்க சமுத்திரம் உருவானது. வாய்க்கால்களில் தண்ணீர் பெருகியது. காலப்போக்கில் மாடு நின்ற இடத்தில் உழவு இயந்திரம் நின்றது. அதை வாய்க்கால் ஓரத்தில் நிறுத்தி வாளியால் வாரி அடித்தால் வேலை முடிந்தது. உழவு இயந்திரத்தில் கீறல் இருக்கிறதா என்று யார் பார்க்கப் போகிறார்கள்?

காரின் கதை வேறு. பழைய கார்களில் நிறமே மேல்பூச்சு. கீறினால் பொலிஷ் போட்டுத் தேய்த்து ஓரளவு மீட்கலாம். 1980களில் நிறத்துக்கு மேல் கண்ணாடி போன்ற ஒரு தெளிபூச்சு பூசும் முறை உலகெங்கும் பரவியது. அது மயிரிழையை விட மெல்லியது. கடற்கரை மணலோ பெரும்பாலும் குவார்ட்ஸ், எஃகையே கீறக்கூடியது. வீட்டில் கிழிந்த சாரனை எடுத்து, தூசி படிந்த காரை அப்படியே துடைப்பது நம்மவர் வழக்கம். மருதமுனைத் தறிச் சாரன் மென்மையானதுதான், அதில் குற்றமில்லை. ஆனால் துணிக்கும் பூச்சுக்கும் நடுவில் மணல் சிக்கிவிட்டால் அது அரத்தாள். கறுப்புக் காரில் வெயில் படும்போது தெரியும் வட்ட வட்டக் கோடுகள் அப்படி வந்தவை. மாட்டுக்காரர் செய்ததைத்தான் காருக்கும் செய்ய வேண்டும்: முதலில் தண்ணீரால் மணலை வடித்து, பிறகு சவர்க்காரத் தண்ணீருக்கு ஒரு வாளி, துணியை அலச வேறொரு வாளி, மேலிருந்து கீழே.

அந்தத் தண்ணீரும் எப்போதும் நல்ல தண்ணீர் அல்ல. 2004 டிசெம்பர் 26ஆம் திகதி வந்த ஆழிப்பேரலை உயிர்களோடு கிணறுகளையும் கொண்டுபோனது. உப்பேறிய கிணறுகளை மக்கள் அவசரமாக இறைத்தார்கள். மணல் நிலத்தில் நன்னீர் ஒரு மெல்லிய படலமாக உவர்நீரின் மேல் மிதக்கிறது. அளவுமீறி இறைத்தால் அடியிலுள்ள உவர்நீர் மேலேறிவிடும் என்று ஆய்வாளர்கள் எச்சரிக்க வேண்டியிருந்தது. உவர்த் தண்ணீரில் கழுவி வெயிலில் காயவிட்ட காரில் வெள்ளைப் புள்ளிகள் மிஞ்சும். அடித்தகட்டில் துரு தொடங்கும். நிழலில் கழுவி, குழாய்த் தண்ணீரால் கடைசியாக ஒரு முறை அலசி, உடனே துடைத்துவிடுவதே வழி.

2020இல் இலங்கை அரசு வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. இடையில் பழைய கார் விலை எகிற, பூச்சைக் காப்பது பணத்தைக் காப்பதாயிற்று. சேர்விஸ் ஸ்டேஷனின் அழுத்த நீர்க்குழாய் அதற்கு உதவும், கிட்டப் பிடிக்காவிட்டால். ஜெர்மனியின் கெர்ச்சர் நிறுவனம் 1950இல் செய்த சுடுநீர் அழுத்தக் கருவியின் வழிவந்த பொருள் அது. மணலைக் கை படாமல் கழற்றிவிடும்.

இடநெருக்கடியும் தண்ணீர் நெருக்கடியும் நமக்கு மட்டும் வந்தவை அல்ல. பெங்களூரில் 2024 மார்ச்சில் குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தார்கள். இங்கே மணல் நிலம் ஊற்றியதை எல்லாம் உறிஞ்சிக்கொள்ளும். எண்ணெயும் நுரையும் அதில் சேர்த்தி. ஒழுங்கையில் வாளியைக் கவிழ்க்கும் முன், அந்தப் பக்கம் யாருடைய கிணறு இருக்கிறது என்று ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.