வவுச்சர் தொலைந்த கணக்கு

நீங்கள் எழுதிய கதையில் அச்சுக்காரர் தன் இஷ்டத்துக்கு நாலு வரி சேர்த்தால் சும்மா இருப்பீர்களா? பீத்தோவனுக்கே அது நடந்தது!

1803. ஜூரிச் பதிப்பாளர் நேகெலி, பீத்தோவனின் புதிய பியானோ ஸொனாட்டாக்கள் இரண்டை (ஓபஸ் 31) வெளியிட்டார். அச்சான தாள்கள் வியன்னா வந்ததும், சிஷ்யர் ரீஸை வாசிக்கச் சொல்லிவிட்டு, பீத்தோவன் பாட்டுக்கு மேஜையில் எழுதிக்கொண்டிருந்தார். ஏகப்பட்ட தப்புகள். ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருந்த மனிதர், முதல் ஸொனாட்டாவில் ஓர் இடம் வந்ததும் துள்ளி எழுந்து ஓடி வந்தார். ரீஸைத் தள்ளிவிடாத குறை. அவர் எழுதவே எழுதாத நாலு 'பார்' (நம்ம தாள ஆவர்த்தனம் மாதிரி ஓர் அளவு) அங்கே அச்சாகியிருந்தது! நேகெலியும் இசையமைப்பாளர்தான். குருவுக்கே திருத்தம் போட்டுவிட்டார்!

உடனே பிழைப்பட்டியல் தயாராகி, பான் நகரத்து ஸிம்ராக் பதிப்பகத்துக்குப் போனது. அவர்கள் புதுசாக அச்சிட்டு, 'மிகத் திருத்தமான பதிப்பு' என்று அட்டையில் பிரெஞ்சில் பெருமையாகப் போட்டார்கள். 'எடிஷன்' என்ற வார்த்தையிலேயே ஓர் எழுத்துப்பிழை!

அவர்களையும் ரொம்பத் திட்ட முடியாது. அந்தக் காலத்தில் உலோகத் தகட்டில் ஒவ்வொரு ஸ்வரத்தையும் கண்ணாடி பிம்பமாக, தலைகீழ் இடவலமாகத் தட்டிப் பதிக்கணும். பீத்தோவன் கையெழுத்தோ, கேட்கவே வேண்டாம்.

'கையெழுத்துப் பிரதியைப் பார்த்தால் தீர்ந்தது' என்பீர்கள். காமர்ஸ் படித்தவன் என்ற முறையில் நானும் அதைத்தான் சொல்வேன். லெட்ஜரில் சந்தேகமா, வவுச்சரை எடு! ஆனால், ஓபஸ் 31-ன் மூலப் பிரதி தொலைந்தே போய்விட்டது. மிச்சம் இருப்பவற்றில் முக்கியமானவை பழைய பதிப்புகளும், 1838-ல் வெளியான ரீஸின் நினைவுக் குறிப்புகளும். இவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் கணக்கை நேர் செய்யணும்.

சரி, வவுச்சர் கிடைத்தால் மட்டும் முடிந்துவிடுமா? அதுவும் இல்லை. 1819-ல் 'ஹாமர்கிளாவியர்' ஸொனாட்டா லண்டனில் அச்சாகிக்கொண்டிருந்தது. அங்கே குடியேறியிருந்த ரீஸ்தான் பொறுப்பு. கடைசி நேரத்தில் பீத்தோவனிடமிருந்து கடிதம்: மெதுவான பகுதியின் ஆரம்பத்தில் இரண்டே இரண்டு ஸ்வரம் சேர்க்கவும்! இவ்வளவு பெரிய படைப்புக்கு இரண்டு ஸ்வரமா என்று ரீஸ் திகைத்தார். வாசித்துப் பார்த்ததும் அசந்துபோனார். முதலில் அனுப்பிய பிரதியை மட்டும் நம்பியிருந்தால் அந்த இரண்டும் நமக்குக் கிடைத்தே இருக்காது.

ஆக, நேகெலி சேர்த்த நாலு பார் கள்ளக் கணக்கு. பீத்தோவன் சேர்த்த இரண்டு ஸ்வரம் நல்ல கணக்கு. அச்சில் பார்த்தால் இரண்டும் ஒரே கறுப்பு மைதான். அதனால்தான் இன்றைய நல்ல பதிப்புகளில், எதை எங்கிருந்து எடுத்தோம் என்று பதிப்பாசிரியர் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் கணக்குக் காட்டுகிறார். பலரும் புரட்டாத பக்கம். ஆனால், வாசிப்பது பீத்தோவனையா, நேகெலியையா என்பது அங்கேதான் இருக்கிறது!